மாமனாருக்கு ஒரு வாடகைக் கட்டில்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் என்ன சமைப்பது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். எங்கே படுக்க வைப்பது என்று கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது. சாப்பாடு அரை மணி நேரத்தில் முடிந்துபோகிற சமாசாரம். குழம்பில் உப்பு கூடினால் கொஞ்சம் மோரை ஊற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். படுக்கையை அப்படிச் சமாளிக்க முடியாது. வந்தவர் ராத்திரி முழுக்கத் தனியாக, இருட்டில், நம்மைப் பற்றி யோசித்துக்கொண்டு அதில் கிடக்கவேண்டும். முதுகில் ஒரு கட்டை உறுத்தினால், விடியும்வரை அவர் திட்டுவது கட்டையை இல்லை, நம்மை.

இந்த ஞானம் எனக்குத் தானாக வந்ததில்லை. என் மாமனார் முதன்முதலாக எங்கள் தாம்பரத்து வீட்டுக்கு வந்த அன்று, ஒரு தெருவே கூடி நின்று எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

அறுபதுகளின் கடைசி. எனக்கும் எஸ்தருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் மூச்சு முட்ட இருந்துவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் போகிற பக்கமாகக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்காரர் ஏகாம்பரம். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பம் உழுதது. மனை போட்டு விற்றதுபோக மீதியில் வீடு கட்டியிருந்தார். பின்கட்டில் அவரும் முன்கட்டில் நாங்களுமாக இருந்தோம். நான் பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய் இருந்தன. கட்டில் கிடையாது.

கட்டில் இல்லாததற்கு வறுமை காரணமில்லை. கொள்கை காரணம்.

எஸ்தரின் அப்பா பாளையங்கோட்டைக்காரர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க அடுத்தவன் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தே நடந்தவர். எஸ்தர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே தாய் தவறிவிட, அவரே தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து வளர்த்திருக்கிறார். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே தேக்கு வாங்கி வீட்டுக்குப் பின்னால் நிழலில் போட்டுக் காயவைத்து, கல்யாணம் நிச்சயமானதும் ஆசாரியைக் கூப்பிட்டுக் கூடவே உட்கார்ந்து ஒரு கட்டில் செய்தார். கல்யாண வீட்டில் அதைப் பார்த்தேன். சபை முழுக்க உறவுக்காரர்கள் இருக்கும்போது எழுந்து நின்று, வரதட்சணையாக ஒரு துரும்பையும் தொடமாட்டேன், இந்தக் கட்டிலும் வேண்டாம், நாங்கள் தரையில் படுத்துக்கொள்வோம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். (அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக வளரவில்லை. கொள்கை மட்டும் காடாக வளர்ந்து கிடந்தது.) கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரோ இருமினார்கள்.

மாமனார், "சரி," என்றார். அவ்வளவுதான். நாலு பேர் அந்தக் கட்டிலைச் சாய்த்தும் திருப்பியும் வாசல் வழியாக வெளியே கொண்டுபோனார்கள். எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரதட்சணை வேண்டாம் என்று சொன்னது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு தகப்பன் மகளுக்காக ஆசாரியோடு உட்கார்ந்து செய்த கட்டிலுக்கும் வரதட்சணைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், அதையும் சபையில் நின்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மாதம் ஒரு கார்டு வரும். நலம், இங்கே மழை இல்லை, மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் என்று இருக்கும். மழை பெய்த மாதத்திலும் அதே கார்டுதான். எஸ்தர் வாசிப்பாள், மடிக்காமல் பெட்டியில் வைப்பாள். அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு கார்டு கொஞ்சம் நீளமாக வந்தது. இடுப்பு வலிக்குப் பட்டணத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க வருகிறார். இரண்டு ராத்திரி தங்கவேண்டியிருக்கும். தரையில் படுக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்குச் சௌகரியப்படாவிட்டால் எழும்பூரில் லாட்ஜில் தங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

எஸ்தர் அதை இரண்டு தடவை வாசித்தாள். "அப்பா லாட்ஜுக்குப் போவக் கூடாது," என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு கண்டிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

படுக்கை வேட்டை ஆரம்பமானது. எந்தப் படுக்கையையும் முதலில் நான் படுத்துப் பார்க்கவேண்டும், என் இடுப்பு சம்மதித்தால்தான் அப்பாவின் இடுப்புக்கு என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். ஏகாம்பரம் தன் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலை எடுத்து வந்தார். படுத்தேன். நடுவில் என் இடுப்பு இறங்கியது, தலையும் காலும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. போதாததற்கு மூட்டைப்பூச்சிகளும் வந்து விசாரித்தன. அடுத்து, எதிர்வீட்டு ரோஸ் டீச்சர் டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள் இரண்டைக் கொடுத்தார். சேர்த்துப் போட்டுப் படுத்தேன். ஒன்று அரை அங்குலம் உயரம். என் முதுகெலும்பு இன்றைக்கும் அந்த அரை அங்குலத்தை மறக்கவில்லை. மூன்றாவதாக, குரோம்பேட்டையில் இருந்த என் ஆபீஸ் நண்பன் ஒருவன் கான்வாஸ் மடக்குக் கட்டில் ஒன்றைக் கொடுத்தான். அதை மின்சார ரயிலில் கொண்டுவந்து, விரித்து, எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டி, மெதுவாகத்தான் படுத்தேன். அது மடக்குக் கட்டில் என்ற தன் பெயரைக் காப்பாற்றியது. எஸ்தரும் ஏகாம்பரமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள்.

கடன் வாங்கினது போதும், வாடகைக்கே எடுத்துவிடுவோம் என்று மறுநாள் மாலை ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போனேன். அங்கே கன்னியப்பன் என்பவர் பந்தல் சாமான், அண்டா, நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கடையின் பின்பக்கம் சுவரோரமாக ஒரு பலகைக் கட்டில். நீளம், அகலம், கனம் எல்லாம் தாராளம். கால்கள் தூண் மாதிரி இருந்தன. இப்படி ஒரு கட்டிலைச் சும்மா ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன்.

"எங்க மாமனாருக்கு ஒரு கட்டில் வேணும்," என்றேன். "உயரமான மனுஷர். நல்லா கால் நீட்டிப் படுக்கணும். பலகை தட்டையா இருக்கணும். அதோ அந்தக் கட்டில் கிடைக்குமா?"

கன்னியப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என்ன பணிவு என்று நினைத்தேன்.

"எப்போ சார்?"

"நாளைக்குக் காலையில. திருநெல்வேலி வண்டியில."

"அங்கருந்தா? ரயில்லயே கொணாறீங்களா?"

"வேற எதுல வர்றது? வண்டி தாம்பரத்துலயே நிக்குது. நான் போய் இறக்கிக்குவேன்."

"நீங்க கிறிஸ்டின் ஆளுங்க இல்ல? பெட்டிக்கு இன்னா பண்றீங்கோ?"

"பெட்டியோடதான் வர்றார்."

"அப்ப சரி," என்று தலையாட்டினார். "கூட யாரு வராங்கோ?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வயதானவர் துணையில்லாமல் ராத்திரி ரயிலில் வருவதற்கு இப்படி உருகுகிற மனிதர் இந்த ஊரில் இருக்கிறாரே என்று எனக்கும் லேசாகக் கலங்கியது.

"எப்போ எடுக்கறீங்கோ?" என்றார்.

கட்டிலைத் திருப்பி எடுத்துப்போவதைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "நாளன்னிக்குச் சாயங்காலம்."

"அவ்ளோ நேரம் வெச்சிருக்க முடியுமா சார்? ஐஸு சொல்லட்டா?"

"ஐஸெல்லாம் வேண்டாம். அவருக்கு ஆகாது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஸ்தரின் உத்தரவு ஞாபகம் வந்து, படுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி நான் அந்தக் கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்தேன். அற்புதமான கட்டில். துளி ஆட்டம் இல்லை. கண்ணை மூடி, கையை மார்பில் வைத்து, இடுப்பைக் கேட்டேன். இடுப்பு சம்மதம் என்றது. கண்ணைத் திறந்தபோது, கடையில் அண்டா கழுவிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் கழுவுவதை நிறுத்தியிருந்தார்.

"எழுந்திருங்க சார். நல்லதில்ல," என்றார் கன்னியப்பன்.

"நாம படுத்துப் பார்க்காம அவருக்கு எப்படிப் போடறது?"

"பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜனங்கள் உட்கார இரண்டு பெஞ்சும், கட்டிலுக்கு விரிக்கப் புது வெள்ளைத் துணி ஒன்றும் தானே தருவதாகச் சொன்னார். துணிக்குக் காசு வேண்டாம், அது தன்னுடைய செய்முறையாக இருக்கட்டும் என்றார். மேற்குத் தாம்பரத்தில் விருந்தாளிகளுக்கு இத்தனை மரியாதையா என்று வியந்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கட்டில் எதற்காக வாடகைக்குப் போகும் என்பது தாம்பரத்தில் என்னையும் எஸ்தரையும் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இறந்துபோனவர்களை எடுக்கும்வரை கிடத்தி வைப்பதற்கான கட்டில் அது. சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போய்வந்த கட்டில்.

மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட பிறகு கன்னியப்பனின் ஆள் அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளோடும் கூடையோடும் கேட்டில் காத்து நின்ற அத்தனை பேரும் கட்டிலைப் பார்த்து யாருக்கு என்று கேட்க, அவரும் ஏகாம்பரம் வீட்டில் குடியிருக்கிற சாருடைய மாமனாருக்கு என்று பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். கேட் திறந்தபோது, வர இருந்த பெரியவர் தவறிவிட்டார், உடல்தான் ரயிலில் வருகிறது என்ற செய்தி கட்டிலுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ரோஸ் டீச்சர் நேராகச் சமையலறைக்கு ஓடியிருக்கிறார். எஸ்தர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்கப்போகிற பெண், விடிந்ததிலிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். டீச்சரைப் பார்த்ததும், "அப்பா வாராங்க டீச்சர்," என்று சொல்லி அழுதுவிட்டாள். டீச்சரும் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே ஆப்பம் சுடுகிற பெண்ணைப் பார்த்து, துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்து, யாரும் உள்ளே போய் அவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று வெளியே வந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில் நான் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி தாமதம். மாமனார் ஒரு டிரங்குப் பெட்டியும் குடையுமாக இறங்கினார். முன்பைவிடக் கொஞ்சம் கூனியிருந்தார். சுகம்தானா என்று கேட்டார், சுகம்தான் என்றேன். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. சைக்கிள் ரிக்‌ஷாவில் இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டோம். சேலையூர் பாதையில் திரும்பும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "கட்டில் இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா," என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பெருமையாகச் சொன்ன ஒரே வார்த்தை அது.

தெருமுனை திரும்பியதும் எங்கள் வாசலில் கூட்டம். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். ஏகாம்பரம் கையில் ஒரு ரோஜா மாலை.

"என்ன மாப்ளே, கூட்டம் போட்டிருக்கீங்களா? இன்னைக்கும் பேசப்போறீங்களோ?" என்றார் மாமனார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கார்டு வந்த நாளிலிருந்து எஸ்தர் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள், அவரை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கிக் கையைக் கூப்பினார். எல்லோரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தார்கள். ரோஸ் டீச்சர் வந்து அவரைக் கைத்தாங்கலாகப் பெஞ்சில் உட்காரவைத்தார். நான் பெட்டியை இறக்குவதற்குள் ஏகாம்பரம் மாலையோடு சேர்த்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் வாய் அவர் தோளில் புதைந்துவிட்டது. காது மட்டும் வெளியே இருந்தது. அதனால் அடுத்து நடந்த பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

டீச்சர் மாமனாரிடம், "நீங்க அவருக்குக் கூடப்பொறந்தவரா?" என்றார்.

"யாருக்கு?"

"எஸ்தரோட அப்பாவுக்கு."

மாமனார் கூட்டத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். திறந்திருந்த வாசல் வழியே, வெள்ளைத் துணி விரித்து நடுக்கூடத்தில் போட்டிருந்த கட்டிலைப் பார்த்தார். ஊரில் எந்த வரப்பு யாருடையது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற மனிதர். எல்லாம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

"ரொம்ப நெருங்கின சொந்தம்," என்றார் டீச்சரிடம்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "செத்தவங்களைப் பத்திக் குறையாப் பேசக்கூடாது சார். ஆனா ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம் அந்த மனுஷர். இந்தப் பொண்ணு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பாவுக்குன்னு ஒரு வேட்டி எடுத்து வைக்குது. ரெண்டு வேட்டி பெட்டிக்குள்ளயே கிடக்கு. அனுப்பினா அதையும் வேண்டாம்னு திருப்பிடுவாரோன்னு பயம். புருஷன்கிட்டயும் சொல்லல. எங்கிட்டதான் எடுத்துக் காட்டிச்சு. அப்படி என்ன சார் வீம்பு ஒரு மனுஷனுக்கு?"

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா," என்றார். "வீம்புக்காரன்தான்."

எனக்கு ஏகாம்பரத்தின் தோளிலிருந்து முகத்தை எடுக்கத் தோன்றவில்லை. வேட்டி சமாசாரம் எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி நான் தினமும் சட்டை எடுக்கிற பெட்டி.

கடைசியில் ஏகாம்பரமே என்னை விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "பெட்டி எங்க சார்? பின்னால வருதா?"

"இதோ," என்று காலடியில் இருந்த டிரங்குப் பெட்டியைக் காட்டினேன்.

அதன் நீளத்தையும் அகலத்தையும் பார்த்து அவர் முகம் வெளுத்தது. "இதுலயா சார்? பெரியவரு எங்க?"

"அதோ, டீச்சர்கிட்ட பேசிக்கிட்டிருக்காரே."

பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டீச்சர் இன்னும் மாமனாரின் கையைப் பிடித்தபடி இருந்தார். யார் சொன்னார்களோ, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர் கையை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குள் சத்தம் கேட்டு எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "அப்பா," என்றாள்.

மாமனார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன். "எனக்கு வேட்டி எடுத்து வச்சிருக்கியாமே. குளிச்சிட்டுக் கட்டணும், எடு," என்றார். எஸ்தர் அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். இந்த முறை எதற்கு அழுகிறாள் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாலையோடு ஏகாம்பரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாமனார் அவரைக் கவனித்துவிட்டு, பூவை வீணாக்கவேண்டாம் என்று சொல்லித் தானே கழுத்தைக் குனிந்து கொடுத்தார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஆப்பமும் காப்பியும் கிடைத்தன. மாவு போதாமல் டீச்சர் தன் வீட்டு மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு மாமனாரின் கண்ணில் படாமல் பின்வழியாகப் போய்விட்டார். பிறகு நாங்கள் போய்க் கூட்டி வந்தோம்.

செய்தி மேற்கே எட்டி, பதினோரு மணிக்குக் கன்னியப்பனே வந்தார். வாசலில் நின்று, மாமனார் புது வேட்டி கட்டிக்கொண்டு பேப்பர் படிப்பதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னா சார் இது, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் தனக்கு இப்படி ஒரு சங்கடம் வந்ததில்லையாம். கட்டிலை உடனே எடுத்துக்கொண்டு போவதாகவும், சாயங்காலத்துக்குள் வேறு நல்ல கட்டில் தேடிக் கொண்டுவருவதாகவும் சொன்னார். மாமனார் சம்மதிக்கவில்லை. தனக்குத் தேவை தட்டையான பலகை, அது இருக்கிறது, அதற்குமுன் யார் படுத்தார்கள் என்று இடுப்புக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எஸ்தருக்கு மனசே இல்லை. வெள்ளைத் துணியை மட்டும் உருவிவிட்டுத் தன் பூப்போட்ட போர்வையை விரித்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் அதில் படுத்தார். கை மார்பில், கண் மூடி, கால் நேராக. நான் கடையில் படுத்துக் காட்டிய அதே தோரணை. ஏகாம்பரம் ஏதோ வேலையாக வருவதுபோல ஜன்னல் பக்கம் வந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி வந்து பார்த்தார். டீச்சர் தன் வீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தார். இதற்கெல்லாம் கவலையில்லாமல் மாமனார் குறட்டை விட்டார். எஸ்தர் எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எழுந்ததும் அவள் பயந்துகொண்டே கட்டில் சௌகரியமாக இருந்ததா, எங்கேயாவது உறுத்தியதா என்று கேட்டாள். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். சாட்சிக்கூண்டில் நிற்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நல்ல கட்டில். இதுல படுத்தவன் ஒருத்தனும் இதுவரைக்கும் குறை சொல்லியிருக்க மாட்டான்."

முதலில் சிரித்தது எஸ்தர். பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

இரண்டு ராத்திரிக்கு வந்தவர் வைத்தியத்தைக் காரணம் காட்டி அந்த மாதம் முழுவதும் இருந்தார். டாக்டரைப் பார்க்க ரயிலில் கூட்டிப் போனபோது, பல்லாவரம் தாண்டியதும் திடீரென்று, "வேட்டி வாங்கி வச்சது உங்களுக்கும் தெரியாதோ?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா."

"எனக்கும் தெரியல," என்றார். ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியாக இருந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீனம்பாக்கம் பக்கம் ஒரு விமானம் தாழ்வாக இறங்குவதை இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அதன்பிறகு வருஷா வருஷம் வந்தார். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஏகாம்பரம் அவரை அறிமுகம் செய்யும்போதெல்லாம், "இவருக்கு நான் மாலை போட்டிருக்கேன்," என்று ஆரம்பிப்பார். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். அவர் நிஜமாகவே போய்ச்சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில், சொந்த வீட்டில். தாம்பரத்திலிருந்து டீச்சரும் ஏகாம்பரமும் எங்களோடு ரயிலில் வந்தார்கள்.

அவர் சொன்ன வார்த்தை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. யார் வீட்டிலாவது தங்கிவிட்டு வந்தால், படுக்கை எப்படி என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே பதில்தான். பிள்ளைகள் மழலையிலேயே அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

இப்போது என் மகள் பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கினோம். கூடத்தில் இருந்த சோபாவை இழுத்து விரித்துப் படுக்கையாக்கிக் கொடுத்தார்கள். காலையில் மாப்பிள்ளை, நல்ல பையன், காப்பியைக் கொடுத்துவிட்டு, "வசதியா இருந்ததா மாமா?" என்று கேட்டார். பழக்கதோஷம், "இதுல படுத்தவன் ஒருத்தனும் இதுவரைக்கும் குறை சொல்லியிருக்க மாட்டான்," என்றேன். எஸ்தரும் மகளும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். கதை தெரியாத மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என் முகத்தையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அன்றைக்கே கதையைச் சொல்லிவிட்டாளாம். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. அடுத்த முறை நாங்கள் போனபோது சோபா இருந்த இடத்தில் புதுக் கட்டில் ஒன்று கிடந்தது.

அந்தக் கட்டில் கொஞ்சம் உயரம். இறங்கும்போது எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது அதை அப்படியே சொன்னேன். நான் குறை சொன்னதைக் கேட்டு அவருக்கு வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே.